படம் வரும் முன்னே, உண்மை வரும் பின்னே

வியட்நாமுக்குப் போய்க் குழந்தையைத் தத்தெடுத்து வந்த வெளிநாட்டுத் தம்பதிகளின் பயணம் ஆசையில் தொடங்கி ஒரு கேள்வியில் போய் நின்றது. அந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்று தீர்மானிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

மாகாண நீதித்துறை அலுவலகத்தின் கூட்ட அறை. ஒரு மூலையில் ஹோ சி மின்னின் மார்பளவுச் சிலை. பின்னால் மஞ்சள் நட்சத்திரம் பதித்த செங்கொடி. நீண்ட மேஜையில் சின்னஞ்சிறு கோப்பைகளில் பச்சைத் தேநீர். ஒரு பக்கம் அரசு அதிகாரிகள். மறுபக்கம், பாதி உலகத்தைத் தாண்டிப் பறந்து வந்த களைப்பு இன்னும் தீராத ஓர் அமெரிக்கத் தம்பதி. மனைவியின் தோளில் ஏழெட்டு மாதக் குழந்தை. இரண்டு நாள் முன்புவரை அந்தக் குழந்தையை அவர்கள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

அதிகாரி பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரியில் சுருக்கிச் சொல்கிறார். பதிவேடு வருகிறது. கணவர் கையெழுத்திடுகிறார். மனைவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கையெழுத்திடுகிறார். காப்பகத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்திடுகிறார். கைதட்டல், குழுவாக ஒரு படம். இரண்டு பேராக உள்ளே போனவர்கள் மூன்று பேராக வெளியே வருகிறார்கள். வியட்நாமிய மொழியில் இந்தச் சடங்குக்கு 'ஒப்படைத்தல், பெற்றுக்கொள்ளுதல்' என்று பொருள்படும் பெயர்.

2005-க்கும் 2008-க்கும் இடையில் வியட்நாமின் மாகாணத் தலைநகரங்களில் இது வாடிக்கையான காட்சி. 2007 நிதியாண்டில் மட்டும் 828 வியட்நாமியக் குழந்தைகள் இப்படி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பிரான்ஸ், இத்தாலி, அயர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளிலிருந்தும் தம்பதிகள் வந்துபோனார்கள். ஆனால் அந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. இந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே யாரும் இல்லையா?

பதில் பெரும்பாலும் கோப்பில் ஒரே சொல்லாக இருந்தது: 'கைவிடப்பட்டது'. அதை எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்று சரிபார்க்கும் வேளை வந்தபோது, குழந்தை புதிய தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வியட்நாம் தத்தெடுப்பின் சிக்கல் பெரிதும் இந்த முன்பின் வரிசையில்தான் இருந்தது.

காகிதச் சுமை

பெற்றவள் பத்து மாதம் பிள்ளையைச் சுமக்கிறாள். தத்தெடுப்பவர்கள் சுமப்பது காகிதத்தை. சமூகப் பணியாளர் வீடு தேடி வந்து சமையலறை முதல் படுக்கையறை வரை பார்க்கிறார். எப்படி வளர்ந்தீர்கள், எதற்குச் சண்டை போடுவீர்கள், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிக்கிறார். கைரேகை, போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சம்பளச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் நோட்டரி முத்திரை, அதன்மேல் அரசு முத்திரை, அதற்கும் மேல் வியட்நாமியத் தூதரக முத்திரை. பிறகு மொழிபெயர்ப்பு. ஏஜென்சிக் கட்டணம், விமானக் கட்டணம், ஓட்டல் செலவு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் டாலருக்கு மேல் ஆனது. வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு.

காத்திருப்பின் முடிவில் ஒரு நாள் ஏஜென்சியிலிருந்து படம் வரும். கூடவே ஒரு பக்கத் தகவல்: பெயர், பிறந்த தேதி, எடை, ஹெபடைடிஸ் பி, எய்ட்ஸ் சோதனை முடிவுகள், காப்பகத்துக்கு வந்த விதம். அந்தக் கடைசித் தகவலைத் துருவிக் கேட்கும் நிலையில் எந்தத் தம்பதியும் இருப்பதில்லை. படம் அன்றைக்கே ஃபிரிஜ் கதவில் ஏறிவிடும். தாத்தா, பாட்டிகளுக்குப் பிரதிகள் போகும். தொட்டில் வாங்கப்படும், பெயர் வைக்கப்படும். படத்தைப் பார்த்த நாளிலிருந்தே அவர்கள் அப்பா, அம்மாதான். குழந்தை பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தன்னைப்போல் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அறையில் பாய்மேல் படுத்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் இந்தப் பயணம் நாகரிகமாகவும் ஆனது. 2007 மார்ச் மாதம் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி ஹோ சி மின் நகரத்துக்கு வந்து, மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். மணமாகாத ஜோடிகள் சேர்ந்து தத்தெடுக்க வியட்நாமியச் சட்டம் இடம் தராததால் தனிப் பெண்ணாகவே விண்ணப்பித்தார். காப்பகத்தின் வாசலில் காமிராக்கள் குவிந்தன.

ஓட்டல் அறைப் பெற்றோர்

ஹனாயின் நோய் பாய் விமான நிலையத்தில் இறங்கும் தம்பதியின் பெட்டியில் பாதி இடம் குழந்தைச் சாமான்களுக்கு. பவுடர் பால் டின்கள், நாப்கின் கட்டுகள், சொறிக்கு மருந்து, காப்பகத்துக்கு நன்கொடையாகத் துணிமணிகள். ஏஜென்சியின் ஆள் வேனோடு காத்திருப்பார். அடுத்த இரண்டு மூன்று வாரம் அவர்தான் கண், காது, வாய் எல்லாம்.

காப்பகத்துக்குப் போகும் வழி மாகாணத்தைப் பொறுத்தது. சில இடங்களுக்கு ஒரு மணி நேரம். வடக்கே மலைப் பக்கம் என்றால் அரை நாள். நெல்வயல், நாற்று நடும் பெண்கள், கூம்புத் தொப்பி, எருமை, ஹாரனை அழுத்தியபடியே பறக்கும் மோட்டார் சைக்கிள்கள். வேன் நின்றதும் தாதி ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். குழந்தை வீறிட்டு அழும். எட்டு மாதக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே முகம் அந்தத் தாதியின் முகம். புதியவர்களின் முகம், மணம், பேச்சு எல்லாமே அதற்கு அந்நியம். பல தாதிகளும் அழுதுவிடுவார்கள். படத்தில் இருக்கும் சிரிப்பை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதல் பாடம் இது: தங்களுக்குக் கிடைத்த நாள், குழந்தைக்கு இழந்த நாள்.

பிறகு ஓட்டல் அறை. குழந்தை வளர்ப்புப் புத்தகங்களில் இல்லாத சங்கதிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். கெட்டி மெத்தையில் போட்டால் குழந்தை தூங்க மறுக்கும். அது பாயில் படுத்துப் பழகியது. நீர்த்த பவுடர் பாலைத் துப்பும். காப்பகத்தில் அரிசி மாவு கலந்த கெட்டிப் பால் குடித்துப் பழக்கம், பால்புட்டியின் துளையும் அதற்கேற்பப் பெரியது. கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் 'சாவ்' வேண்டும். சாவ் வேறொன்றும் இல்லை, நம் ஊர் அரிசிக் கஞ்சிதான். நாப்கின் கட்டிய குழந்தையைப் பார்த்து ஓட்டல் பணிப்பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். குழந்தையைத் தூக்கிப் பிடித்து 'ஸீ... ஸீ...' என்றால் அது தானாகச் சிறுநீர் கழிக்கும் என்று செய்து காட்டுவார்கள். தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தாய்க்கு அது அதிசயம்.

தெருவில் இறங்கினால் இன்னொரு பாடம். ஹோவான் கியெம் ஏரிக்கரையில் கொளுத்தும் வெயிலில் நடந்தாலும், முன்பின் தெரியாத பாட்டிகள் வழிமறித்துத் திட்டுவார்கள். குழந்தைக்குத் தொப்பி எங்கே, காலுக்கு உறை எங்கே? மொழி புரியாது, திட்டு மட்டும் நன்றாகப் புரியும். பல பெற்றோர் பிற்பாடு இந்தப் பாட்டிகளைத்தான் அன்போடு நினைவுகூர்ந்தார்கள்.

இதற்கிடையே வேலை நடந்துகொண்டிருக்கும். ஒப்படைப்புச் சடங்கு முடிந்ததும் குழந்தைக்கு வியட்நாமியப் பாஸ்போர்ட். அதன் பிறகு அமெரிக்கத் தூதரகத்தில் விசா. வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளையாகச் சட்டப்படி ஆகிவிட்ட குழந்தை, வியட்நாமியக் குடிமகனாகத்தான் விமானம் ஏற முடியும். விசாவுக்கு முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி அந்தக் குழந்தை அநாதை என்று தூதரகம் திருப்தியடைய வேண்டும். கடைசிப் படி அது. கேள்வி கேட்கப்பட்ட முதல் இடமும் அதுதான்.

தூதரகத்தின் கேள்வி

2007-இன் கடைசி மாதங்களில் சில தம்பதிகள் அந்தக் கடைசிப் படியில் தடுக்கி விழுந்தார்கள். வியட்நாமியச் சட்டப்படி குழந்தை அவர்களுடையது. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் தூதரக அதிகாரிகள் காப்பகத்துக்கும் மருத்துவமனைக்கும் நேரில் போய் விசாரித்ததில் கோப்பும் நிஜமும் பொருந்தவில்லை. விசாவை மறுக்க உத்தேசித்திருப்பதாக நோட்டீஸ் வந்தது. குழந்தையைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகவும் வழியில்லை. கணவர் வேலைக்குத் திரும்ப, மனைவி குழந்தையோடு ஓட்டலிலேயே தங்கி வழக்கறிஞர்களைத் தேடும் நிலை.

தூதரகத்தைக் கொடுமைக்காரன் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் அதன் கேள்வி தவறானதல்ல. கேட்ட நேரம்தான் தவறு. 2007 நவம்பரில் அமெரிக்க அரசு வரிசையை மாற்றியது. இனிமேல் குழந்தை அநாதைதானா என்ற விசாரணை முதலில் முடிய வேண்டும். அதற்குப் பிறகே பெற்றோர் விமானம் ஏறலாம்.

2008 ஏப்ரலில் ஹனாயிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் அறிக்கை வெளியானபோது, சந்தேகம் ஓரிரு கோப்புகளோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. பிரசவக் கட்டணம் கட்ட முடியாத ஏழைத் தாய்களின் குழந்தைகளைச் சில மருத்துவமனைகளே விற்றன. தரகர்கள் கிராமம் கிராமமாகக் குழந்தை தேடி அலைந்தார்கள். பெற்றவளுக்குத் தெரியாமலே ஒரு பாட்டி பேரக் குழந்தையைக் கொடுத்துவிட்டாள் என்றெல்லாம் அறிக்கை சொன்னது. இன்னொரு மாற்றத்தையும் அது சுட்டியது. அமெரிக்கர்களின் தத்தெடுப்பு முதல் தடவை நின்றுபோன 2003-க்கு முன்பு, பெரும்பாலான கோப்புகளில் சம்மதம் கொடுத்த தாயின் பெயர் இருந்தது. 2005-இல் புதிய ஒப்பந்தம் வந்த பிறகு பெரும்பாலான கோப்புகளில் பெயரே இல்லை. யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போன குழந்தைகள். மூன்றாண்டு இடைவெளியில் ஒரு நாட்டின் தாய்மார்கள் இப்படி மாறிவிடுவார்களா? மாறியது எழுதும் முறை என்று தூதரகம் சந்தேகித்தது. பெயர் இல்லாத தாயை யாரும் தேடிப் போய் விசாரிக்க முடியாதல்லவா?

வியட்நாமிய அதிகாரிகள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் அறிவித்தார்கள். 2008 செப்டம்பர் 1-ஆம் தேதி அது காலாவதியானது. ஆனால் மறுப்பு நெடுநாள் நிற்கவில்லை. 2009-இல் வடக்கேயுள்ள, அன்றைய நாம் தின் மாகாணத்தில் 16 பேருக்கு வியட்நாமிய நீதிமன்றமே தண்டனை விதித்தது. பொய்க் காகிதம் தயாரித்து 250-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளிநாட்டுத் தத்துக்கு அனுப்பினார்கள் என்பது குற்றம். சமூக நல மையங்களின் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளில் இருந்தார்கள்.

அதே ஆண்டு, வியட்நாமிய நீதி அமைச்சகமும் யூனிசெஃபும் கேட்டுக்கொண்டதன் பேரில் சர்வதேச சமூக சேவை அமைப்பு ஓர் ஆய்வறிக்கை தந்தது. வியட்நாமிலிருந்து எத்தனை குழந்தைகள், எப்படிப்பட்ட குழந்தைகள் வெளியே போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது குழந்தைகளின் தேவையல்ல, வெளிநாட்டினரின் தேவைதான் என்றது அது. எல்லாருக்கும் வேண்டியது ஒரு வயதுக்குட்பட்ட, நோய் நொடியில்லாத குழந்தை. காப்பகங்களில் வீடில்லாமல் வளர்ந்த எட்டு வயதுச் சிறுவனையும், உதடு பிளந்த சிறுமியையும் கேட்டு வந்தவர்கள் குறைவு. ஒரு ஏஜென்சி எந்தக் காப்பகத்துக்கு உதவித் தொகை தந்ததோ, அந்தக் காப்பகத்தின் குழந்தைகள் அந்த ஏஜென்சிக்கே போனார்கள். கேட்பவர்கள் இருந்ததால் சரக்கு வந்தது என்று கடை வீதிக் கணக்கில் சொன்னால் கொடூரமாக இருக்கும். ஆனால் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

படம் ஃபிரிஜ் கதவில் ஏறிய பிறகு, ஒப்பந்தம் முடிந்துபோய், நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. தெற்கே பாக் லியூவில் இருந்த சில குழந்தைகளுக்காக அமெரிக்கக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. கைக்குழந்தையின் படத்தைப் பார்த்துத் தொட்டில் வாங்கியவர்கள், குழந்தை நடந்து பேசும் வயது வந்த பிறகும் அதைத் தூக்க முடியவில்லை. ஊழல் செய்தவர்களுக்குச் சிறை கிடைத்தது. காத்திருந்த குழந்தைகள் செய்த தவறு ஒன்றும் இல்லை.

விமானத்தில் தொடங்கிய கதை

இந்தக் கேள்வி 2007-இல் புதிதாகப் பிறந்ததல்ல. 1975 ஏப்ரலில், சைகோன் விழுவதற்குச் சில வாரம் முன்பு, அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு 'ஆபரேஷன் பேபிலிஃப்ட்' திட்டத்தை அறிவித்தார். காப்பகங்களில் உள்ள குழந்தைகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு. அறிவிப்பு வந்த மறுநாள், ஏப்ரல் 4-ஆம் தேதி, சைகோனிலிருந்து கிளம்பிய ராணுவத்தின் சி-5 ஏ ராட்சத விமானத்தின் பின்கதவு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. திரும்பி வந்து தரையிறங்க முயன்ற விமானம் நெல்வயலில் மோதி உடைந்தது. இறந்த 138 பேரில் 78 பேர் குழந்தைகள்.

ஆனாலும் விமானங்கள் நிற்கவில்லை. 2,500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா போய்ச் சேர்ந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ ராணுவத் தளத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களில் வியட்நாமிய மொழி தெரிந்த ஒரு நர்ஸும் இருந்தார். சில பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவதும், அப்பா, அம்மா உயிரோடு இருப்பதாகச் சொல்வதும் அவர் காதில்தான் முதலில் விழுந்தது. சண்டைக்குப் பயந்து தற்காலிகமாகப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டவர்கள், பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அனுப்பியவர்கள் எல்லாரையும் 'அநாதை' என்ற ஒரே சொல் விழுங்கிவிட்டது. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் மறுத்துவிட்டது. பின்னால் அகதிகளாக அமெரிக்கா வந்து சேர்ந்த சில தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளைத் திரும்பப் பெறத் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது.

1975-இல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. விசாரிக்க நேரமில்லை என்று சொல்ல முடிந்தது. 2007-இல் ஹனாயில் குண்டு விழவில்லை. அவசரம் மட்டும் அப்படியே இருந்தது.

வரிசை மாறியது

இந்த அவசரத்துக்குக் கடிவாளம் ஏற்கெனவே இருந்தது. 1993 மே 29-ஆம் தேதி உருவான ஹேக் உடன்படிக்கையின் சாரம், காரியங்களை எந்த வரிசையில் செய்வது என்பதுதான். குழந்தை சொந்தக் குடும்பத்தில் வளர முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சொந்த நாட்டிலேயே வேறு குடும்பம். அதுவும் இல்லையென்றால்தான் வெளிநாடு. இவையெல்லாம் தீர்மானமாகும்வரை, தத்தெடுக்க வருபவர்களுக்கும் குழந்தையின் பெற்றோர் அல்லது பராமரிப்பவர்களுக்கும் இடையே தொடர்பு கூடாது. உறவினர்களுக்குள் தத்தெடுப்பது போன்ற சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விலக்கு.

வியட்நாம் 2010-இல் தனித் தத்துச் சட்டம் இயற்றியது. 2011 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குழந்தை பிறந்து 15 நாள் ஆகும்வரை தாய், தகப்பனிடம் சம்மதம் வாங்கக் கூடாது என்றது சட்டம். பிரசவ வார்டில், கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாயிடம் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு அந்த 15 நாள் பூட்டுப் போட்டது. வெளிநாட்டுப் பெற்றோர் மூன்றாண்டு காலம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தையின் நிலைமையைத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஹேக் உடன்படிக்கை 2012 பிப்ரவரி 1 முதல் வியட்நாமில் அமலுக்கு வந்தது.

அமெரிக்கர்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2014-இல். அதுவும் முழுதாக அல்ல. அனுமதி பெற்றவை இரண்டே ஏஜென்சிகள். தத்துக்குரியவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒன்றாகவே போக வேண்டிய அண்ணன் தங்கைகள், உடல்நலக் குறை உள்ளவர்கள். பயணத்தின் முகமே மாறிவிட்டது. பெட்டியில் பவுடர் பாலுக்குப் பதில் கலர் பென்சில், இருதய சிகிச்சைக்கான மருத்துவக் குறிப்பு. ஓட்டல் அறையில் இருப்பது அழ மட்டும் தெரிந்த குழந்தையல்ல. நேற்று வரை இருந்த இடத்தின் பெயரும், தோழர்களின் பெயரும் தெரிந்த குழந்தை.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் அந்நியமல்ல. வெளிநாட்டினர் இங்கே வந்து குழந்தைகளைத் தத்தெடுப்பதற்கு, லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1984-இலேயே விதிமுறை வகுத்தது. 1990-இல் மத்திய தத்து அமைப்பான 'காரா' உருவானது. 2003-இல் ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அப்படியும் 1999-க்கும் 2001-க்கும் இடையில் ஆந்திரத்தின் லம்பாடித் தண்டாக்களில் பெண் குழந்தைகள் விலைக்கு வாங்கப்பட்டது அம்பலமானது. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் முறையான காகிதங்களோடு வெளிநாடு போன கதை 2005-இல் வெளிவந்தது. அங்கும் இங்கும் பொய் சொன்னது காகிதம்தான். அதை நம்பி வந்த தம்பதிகள் பலர் நல்லவர்கள். நல்ல மனம் மட்டும் போதாது என்பதே இரண்டு நாடுகளும் கற்ற பாடம்.

உலகம் இப்போது இன்னும் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது. பழைய கோப்புகளைத் தோண்டிப் பார்த்த நெதர்லாந்து 2021-இல் வெளிநாட்டுத் தத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. 2024-இல் படிப்படியாக நிறுத்திவிட முடிவெடுத்தது. அதே 2024-இல் சீனா, உறவினர்கள் தத்தெடுப்பது தவிர மற்ற வெளிநாட்டுத் தத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது.

எதிர்த் திசைப் பயணம்

ஒரு காலத்தில் தோளில் தூங்கியபடி விமானம் ஏறியவர்கள் இன்று பெரியவர்கள். அவர்களில் பலர் அதே வழியில் திரும்பிப் பயணம் செய்கிறார்கள். சிலருக்கு அது சுற்றுலா; சிலருக்குத் தேடல். 1973-இல் தெற்கு வியட்நாமில் பிறந்து, ஒன்பது மாதக் குழந்தையாக ஜெர்மன் தம்பதியிடம் போய்ச் சேர்ந்த பிலிப் ரோஸ்லர் 2011-இல் ஜெர்மனியின் துணைச் சான்சலர் ஆனார். 2012-இல் அமைச்சராக வியட்நாமுக்கு வந்தார். வியட்நாமியர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகவே பார்த்தார்கள். அவரோ தன்னை ஜெர்மானியராகவே சொல்லிக்கொள்பவர்.

எல்லாருக்கும் அது இத்தனை சுலபமில்லை. ஹைடி பப் 1975-இல் ஏழு வயதில் டா நாங்கிலிருந்து அனுப்பப்பட்டவர். தந்தை அமெரிக்கப் படைவீரர். கலப்பினக் குழந்தைகளைப் புதிய ஆட்சி விட்டு வைக்காது என்ற பயத்தில் தாய் அனுப்பிவைத்தார். டென்னசி மாநிலத்தில் வளர்ந்த ஹைடி, 1997-இல் தாயைத் தேடி டா நாங் வந்தார். விமான நிலையத்தில் தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சில நாளிலேயே சிக்கல். அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி தாய்க்கு மாதம்தோறும் பணம் அனுப்ப வேண்டும் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தார்கள். பிள்ளை பெற்றவளைக் காப்பது கடமை என்பது அவர்கள் கணக்கு. இழந்த தாயன்பைத் தேடி வந்தவருக்கு அது பேரம்போல் தெரிந்தது. உடைந்துபோய் ஊர் திரும்பினார். 'டாட்டர் ஃபிரம் டனாங்' என்ற பெயரில் 2002-இல் வந்த ஆவணப் படம் இதை ஒளிவு மறைவில்லாமல் காட்டியது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. படம் பார்த்த நம்மூர்க்காரர்களுக்குத் தாய் வீட்டாரின் நியாயமும் புரியும், மகளின் வலியும் புரியும்.

ஹைடிக்குத் தேடிப் போக ஒரு தாயின் பெயராவது இருந்தது. 'கைவிடப்பட்டது' என்று மட்டும் எழுதிய கோப்போடு போனவர்களுக்கு அதுவும் இல்லை. காப்பகத்தின் வாசல், ஒரு தேதி, எல்லாருக்கும் பொதுவாக வைத்த பெயர். அவ்வளவுதான். அவர்களில் சிலர் மரபணுச் சோதனையை நம்பி எச்சில் மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு குமாஸ்தா சௌகரியத்துக்காக எழுதிய ஒற்றைச் சொல், எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

2011-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. ஒன்பது வயது நிரம்பிய குழந்தையைத் தத்துக் கொடுக்க அந்தக் குழந்தையின் சம்மதமும் வேண்டும். ஹோ சி மின்னின் சிலையும் பச்சைத் தேநீரும் இருக்கும் அதே அறைக்கு இப்போது வரும் குழந்தைகளில் தன் காலால் நடந்து வருபவர்கள் பலர். பெரியவர்கள் பதிவேட்டைத் திறக்கும் முன்பே அவர்களிடம் கேட்டாகிவிட்டது: இவர்களோடு போகச் சம்மதமா? பதில் 'இல்லை' என்றால், உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.